எங்கள் குறி போட்ட மின்னஞ்சல்

விடுதியிலிருந்து அழைப்பு வந்தபோது அக்கா தயிர்ச் சட்டிகளின் வாயைக் கட்டுவதற்குக் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் பசை இருந்ததால் தொலைபேசியைக் கீழே வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பேசினாள். அதனால் நானும் எல்லாவற்றையும் கேட்டேன்.

"தங்கச்சி, மாடுகளுக்கு வாயிலயும் குளம்பிலயும் புண் எண்டு நீங்களே எழுதிப்போட்டு, இண்டைக்கும் தயிர் ஏத்தி அனுப்பியிரிக்கிறீங்க. என்ன விளையாட்டு இது?"

"ஆரு எழுதின சேர்?"

"நீங்கதான். உங்கட பேர் இரிக்கு, சங்கத்திட அடையாளம் இரிக்கு. நேத்து வந்த ஈமெயில்."

"நான் நேத்து ஒண்டும் எழுதல்லயே."

"அப்ப ஆரு எழுதின?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. இல்லாத விடையைத் தேடிப் போன கதையைத்தான் எழுதுகிறேன்.

சித்தாண்டிக்கு மேற்கே, மேய்ச்சல்தரைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் குடும்பங்களின் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. எருமைப் பாலைச் சேர்த்து, தயிர் போட்டு, பாசிக்குடாக் கரையில் உள்ள ஒரு சுற்றுலா விடுதிக்குக் கொடுப்பார்கள். அக்கா அதன் செயலாளர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். எங்கள் வீட்டில் அதைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படித்துவிட்டு, மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சுக் கடையில் வேலை செய்கிறேன். சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்கி, அந்தப் பெயரில் தலைவிக்கும் செயலாளருக்கும் மின்னஞ்சல் முகவரி செய்து, சங்கத்தின் தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். அனுப்பினால் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சங்கத்தின் அடையாளத்தை வரைந்தவனும் நானே. ஆனால் அதில் என் கற்பனை எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கும் தனித்தனி மாட்டுக்குறி உண்டு. இரும்பைக் காய்ச்சி மாட்டின் பின்தொடையில் சுடுவார்கள். மாடு எந்தக் காட்டில் எந்த வயல் வட்டையில் போய் நின்றாலும் குறியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். சங்கத் தலைவியின் குடிக்கு ஒரு கொக்கி, அதன் கீழே ஒரு கோடு. அதையே பச்சை நிறத்தில் வட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தேன். சட்டியில் ஒட்டும் தாளிலும், மின்னஞ்சலின் அடியிலும் அந்தக் குறிதான். தலைவி எங்களுக்குத் தூரத்து முறையில் மாமி. தன் குறி நிறத்தோடு வந்ததில் அவவுக்குச் சரியான பெருமை.

வந்த மின்னஞ்சல் முழுப் பொய்யாக இருந்திருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், அதே செய்தியை அக்கா முந்திய கிழமைக் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லியிருந்தாள். ஒரு பட்டியில் எருமையொன்று வாயால் நுரை வடித்துக்கொண்டு நொண்டுகிறது, மிருக வைத்தியரைக் கூப்பிடுவோம், விடுதிக்கும் சொல்லிவிட்டுச் சில நாள் தயிரை நிறுத்துவோம் என்றாள். தலைவி மாமி அவளை முடிக்க விடவில்லை.

"எருமை எண்டா நுரை வடிக்கத்தான் செய்யும். நீ எப்ப புள்ள டொக்டருக்குப் படிச்ச?"

எல்லாரும் சிரித்தார்களாம். அக்கா உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அந்த மின்னஞ்சல் போனது. விடுதி தயிரை நிறுத்தியது. சேதி பரவி மிருக வைத்தியரும் வந்தார். ஒரு எருமைக்கு உண்மையிலேயே அந்த நோய் இருந்தது. அதைப் பிரித்துக் கட்டச் சொல்லி, மற்றவற்றுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். ஆக, எழுதியது யாரோ, எழுதப்பட்டது உண்மை. அந்த உண்மையைச் சத்தமாகச் சொன்னவள் ஊருக்குள் ஒருத்திதான்.

பால் சேகரிக்கும் கட்டடத்தில் அவசரக் கூட்டம் கூடியது. அக்காவோடு நானும் போனேன். படித்தவன் விளங்கப்படுத்தினால் விளங்கும் என்று நினைத்தேன்.

"வேற ஆரோ எழுதினா, அதில நம்மட குறி எப்பிடி வந்த?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது படம்தானே. ஆரும் எடுத்து ஒட்டலாம்," என்றேன்.

தலைவி மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டா. கோபமாக இல்லை, அன்பாகத்தான்.

"மனே, நீ படிச்சவன். ஒண்டு கேக்கிறன் சொல்லு. மாடு களவெடுக்கிறவன் என்ன செய்வான்? நம்மட குறிக்கு மேல தன்ர குறியச் சுடுவான். என்ன?"

"ஓம் மாமி."

"எவனாவது தன்ர மாட்டில நம்மட குறியச் சுடுவானா?"

"சுடமாட்டான்."

"சுட்டா மாடு ஆருக்கு?"

"உங்களுக்கு."

"அப்ப இந்த ஈமெயில் ஆருட?"

அவ முட்டாள்தனமாக எதுவும் கேட்கவில்லை. பட்டியில் அந்தக் கணக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை. தன் பொருளில் அடுத்தவன் அடையாளத்தைப் போட்டால் பொருள்தான் கைவிட்டுப் போகும். அதை யாரும் செய்யமாட்டார்கள். மின்னஞ்சலில் மட்டும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை எப்படிச் சொல்லுவது? அக்கா ஒரே ஒரு தடவை, "நான் அனுப்பல்ல," என்றாள். யாரும் அவளைக் கள்ளி என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபோது அவளோடு சேர்ந்து நடக்க ஒருத்தியும் வரவில்லை.

அன்று அழைத்துப் பேசிய விடுதியின் கொள்வனவு அலுவலர் நல்ல மனிதர். கேட்டதும் அந்த மின்னஞ்சலை அப்படியே கோப்பாக்கி அனுப்பிவிட்டார். அடுத்த நாள் கடையில் வேலை குறைந்த நேரம் பார்த்து அதைத் திறந்தேன். மின்னஞ்சலில் நாம் வாசிக்கும் பகுதிக்கு மேலே, கண்ணுக்குக் காட்டாத ஒரு தலைப்பகுதி உண்டு. எந்தெந்த இயந்திரம் வழியாக வந்தது, வாசலில் என்ன சோதனை நடந்தது, தேறியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். எறும்பு ஊர்ந்தது போல் எழுத்தும் எண்ணுமாகப் போன அந்த வரிகளுக்குள் ஒன்றில் என் கண் நின்றது. அனுப்பிய இயந்திரத்துக்கும் எங்கள் சங்கத்தின் பெயருக்கும் பொருத்தம் இல்லை. சோதனையில் தேறவில்லை.

கடை என்பதையும் மறந்து கத்திவிட்டேன். "அக்கா அனுப்பல்ல! இந்தா இரிக்கு சாட்சி!"

பக்கத்து மேசையில் கலியாணக் காட் வடிவமைக்கிற பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அக்கா அனுப்பினா என்னெண்டு வரும்?"

"தேறின எண்டு வரும்."

"பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அக்கா எனக்கு முன்பு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றைத் தேடி எடுத்து அதன் தலைப்பகுதியைத் திறந்தேன். அதே இடம், அதே சொல். பொருத்தம் இல்லை. தேறவில்லை.

"என்ன வந்த?"

"இவவும் தேறல்ல."

"அப்ப கள்ளனும் வீட்டுக்காரனும் ஒரே முகத்தோடதான் வாறாங்க," என்று சொல்லிவிட்டு அவள் பூரண கும்பத்துக்குப் பொன்னிறம் பூசப் போய்விட்டாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பொழுது போய்விட்டது. அக்காவுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று, சங்கத்தின் பெயரில் எழுதினாலும் ஓர் இலவச அஞ்சல் சேவையின் இயந்திரம் வழியாகப் போகும்படி நான்தான் அமைத்திருந்தேன். எங்கள் பெயரில் அனுப்ப எந்த இயந்திரத்துக்கு அனுமதி உண்டு என்று உலகத்துக்கு நான் சரியாக அறிவிக்கவே இல்லை. ஆகவே பெற்றுக்கொள்ளும் பக்கத்துக்கு அக்காவும் அந்நியர், எழுதிய கள்ளனும் அந்நியர். இன்னொன்றும் பார்த்தேன். சித்தாண்டியில் இருந்து பாசிக்குடாவுக்கு அக்கா எழுதுகிற மின்னஞ்சல் முதலில் ஏதோ ஒரு வெளிநாட்டில் போய் இறங்கி, பிறகுதான் திரும்பி வருகிறது. கள்ள மின்னஞ்சல் வேறொரு வெளிநாட்டில் இருந்து வந்திருந்தது. இதில் எதை வைத்து எதைச் சொல்ல?

பேருந்தில் திரும்பும்போது தன்னாமுனைப் பக்கம் வாவிக் கரையில் எருமைகள் கழுத்து மட்டும் தெரியக் கிடந்தன. எல்லாம் ஒன்று போலவே இருந்தன. குறி தண்ணீருக்குள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அக்காவே அனுப்பியிருந்தால்? அவள் சொன்னது சரி. யாரும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அது அவ்வளவு பெரிய பாவமா? பாவமில்லை என்றால், இல்லை என்று ஏன் சொல்கிறாள்? கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், கேட்டது கேட்டதாகவே இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள். "என்னடா, ஏதும் கிடைச்சதா?"

"கிடைச்சது. கள்ள ஈமெயில் சோதினையில பெயில்."

"அப்ப நல்லதுதானே!"

"உன்ர உண்மையான ஈமெயிலும் பெயில்."

"அதெண்டா?"

"நீயும் நீ இல்லையாம்."

அக்கா சிரித்துவிட்டாள். "நல்ல படிப்புத்தான் படிச்சிரிக்கிற."

வாயால் சொல்லி விளங்காததைக் கண்ணால் காட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த கூட்டத்தில், எல்லாரும் வந்து இருந்த பிறகு, தலைவி மாமியின் பெயரில், சங்கத்தின் முகவரியில், அந்தப் பச்சைக் குறியும் போட்டு, மாமியின் மகளுடைய தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இப்படி அனுப்புவது சில வேளை குப்பைப் பெட்டிக்குள் விழும். அன்று நேராகப் போய் விழுந்தது. மகள் எழும்பி உரத்து வாசித்தாள்.

"சங்கத் தலைவியாகிய நான் எனது வெள்ளைப் பசுவைச் செயலாளருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறேன்."

கட்டடமே சிரித்தது. தலைவி மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "என்ர வெள்ளைச்சியையா? ஆரு சொன்ன? நான் சொல்லல்ல!"

"அதுதான் மாமி," என்றேன், மிகவும் சந்தோசமாக. "உங்கட பேர். உங்கட குறி. ஆனா நீங்க எழுதல்ல. நான் இந்தப் போனால அனுப்பினன். இப்ப விளங்குதா?"

சிரிப்பு நின்றது. நான் எதிர்பார்த்த அமைதிதான். கடைசி வரிசையில் ஒரு பெண் வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

"நல்லா விளங்குது மனே. பாம்பின் கால் பாம்பறியும்."

தலைவி மாமி மெதுவாகக் கேட்டா. "இந்த வித்தை நம்மட ஊருக்குள்ள வேற ஆருக்குத் தெரியும்?"

"உலகத்தில எத்தினையோ பேருக்குத் தெரியும் மாமி."

"உலகத்த விடு. இந்த ஊருக்குள்ள."

"எனக்குத்தான்."

"நீ ஆருட தம்பி?"

அக்கா எழும்பி வந்து, சங்கத்தின் தொலைபேசியையும் அலுமாரியைப் பூட்டும் திறப்பையும் மாமிக்கு முன்னால் வைத்தாள். "எல்லாம் உங்களிட்டயே இரிக்கட்டும் மாமி," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். வீட்டு வாசலில் அவள் திரும்பி நின்று கேட்டாள்.

"உன்ன ஆருடா பசு மாட்டப் பத்தி எழுதச் சொன்ன? வேற ஒண்டும் கிடைக்கல்லயா? வெள்ளைச்சி எண்டா அவவுக்கு உசிர்."

இது நடந்து சில நாளில் தலைவி மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினா. விடுதி அலுவலர் ஒரு வழி சொல்லியிருந்தாராம். பெரிய கம்பனிகள் மின்னஞ்சல் அனுப்பினால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் அவர்களின் அடையாளமும் ஒரு சரி அடையாளமும் வருகிறது. அதுபோல் செய்யுங்கள், பிறகு தயிரைப் பற்றிக் கதைப்போம் என்றாராம். மாமிக்கு அது உடனே பிடித்துவிட்டது.

"நீ குழப்பினத நீயே தெளிவாக்கு. நம்மட குறி அந்த வட்டத்துக்குள்ள வரோணும்."

வட்டத்துக்குள் குறி வருவதற்கு முன்பு செய்யவேண்டியவை வரிசையாக இருந்தன. எங்கள் பெயரில் அனுப்ப இன்ன இயந்திரத்துக்கு மட்டும் அனுமதி என்று பொதுவில் ஓர் அறிவித்தல் போடவேண்டும். வெளியே போகிற ஒவ்வொரு மின்னஞ்சலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை விழவேண்டும். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். இந்த இரண்டில் ஒன்றுகூட எங்கள் பெயரோடு பொருந்தாமல் வந்தால், அதைக் குப்பைப் பெட்டிக்குள் போடு, எங்களுக்கும் அறிக்கை அனுப்பு என்று மற்ற அஞ்சல் சேவைகளுக்கு ஒரு கட்டளை எழுதிவைக்கவேண்டும். அந்தக் கட்டளை கண்டிப்பாக இருந்தால்தான் குறியைப் பற்றிக் கதைக்கவே விடுவார்கள்.

எழுதிப் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. செய்யும்போது அப்படி இருக்கவில்லை. பிழை வரக்கூடாது என்று அறிவித்தலை இரண்டு தடவை போட்டேன். இரண்டு அறிவித்தல் இருந்தால் இரண்டுமே செல்லாதாம். ஏன் என்று யாரைக் கேட்பது? முத்திரைக்கான நீண்ட எழுத்துத் தொடரில் ஓர் இடைவெளி விழுந்து, அது இருந்தும் இல்லாத மாதிரி ஆனது. இன்று தேறுகிறது என்று நிம்மதியாகப் படுத்தால் விடியத் தேறவில்லை என்கிறது. மாற்றம் உலகம் முழுவதும் போய்ச் சேர நேரம் எடுக்குமாம். கடைசியில் ஒரு நாள் எல்லாம் தேறின. நான் என்ன சரியாகச் செய்தேன் என்பது எனக்கே முழுதாக விளங்கவில்லை. திரும்பத் தொடப் பயமாக இருந்தது.

மிச்சம் குறி. பச்சைக் கொக்கியை அவர்கள் கேட்கும் விதத்தில் திருத்தி வரைந்து இணையத்தில் வைத்தேன். ஆனால் சரி அடையாளத்தோடு வரவேண்டும் என்றால் ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு, அந்தக் குறி அரசாங்கத்தில் வியாபாரக் குறியாகப் பதிந்திருக்கவேண்டும். பதிய, உரிமையாளர் வேண்டும்.

"குறிய ஆருட பேரில பதியிற மாமி?"

"சங்கத்திட பேரில பதி."

"அப்ப உங்கட குடி ஆக்கள் மாட்டுக்குக் குறி சுடக்குள்ள சங்கத்திட்டக் கேக்கோணுமோ தெரியா."

"என்ன?" மாமி பால் வாளியை வைத்துவிட்டா. "எங்கட மாட்டுக்கு எங்கட குறியச் சுடச் சங்கத்திட்டக் கேக்கிறதா?"

"எனக்கும் வடிவாத் தெரியா. அப்பிடி வருமோ எண்டு பயமா இரிக்கு."

"அப்ப குடிட பேரில பதி."

"குடி எண்டு ஒரு ஆள் இல்லயே மாமி. ஒரு ஆள் வேணும், இல்லாட்டி ஒரு நிறுவனம் வேணும்."

மாமி யோசித்தா. "நம்மட குடி கோயிலுக்கு நேந்துவிட்ட மாட்டிலயும் இதத்தான் சுட்டிரிக்கு. முருகன்ட பேரில பதியன். அவர் ஒரு ஆள்தானே."

நான் உண்மையாகவே அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். சான்றிதழ் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதியும் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. அவர்களின் அடையாளம் வட்டத்துக்குள் வடிவாக, சரி அடையாளத்தோடு வந்திருந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு எங்கள் சங்கம் தயிர் போடுவதை விட்டுவிட்டு வேறு ஏதாவது தொழில் செய்யவேண்டும். இன்னொரு கூத்தும் நடந்தது. சான்றிதழ் இல்லாமலே ஒரு அஞ்சல் சேவையில் எங்கள் குறி வட்டத்துக்குள் வந்தது. விடுதி பாவிக்கும் சேவையில் வரவில்லை. ஒரே மின்னஞ்சல், ஒரு தொலைபேசியில் குறியோடு, இன்னொன்றில் மொட்டையாக. மாமியிடம் எதைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டாமல் விட்டேன்.

அக்கா அந்த நாட்களில் வீட்டோடு இருந்தாள். பால் கொடுக்க அம்மாதான் போய்வந்தா. "செயலாளர் சுகமா?" என்று அங்கே யாராவது கேட்டால் அம்மா வாளியைக் கழுவாமலே திரும்பிவிடுவா.

ஒரு காலை, சட்டியில் ஒட்டும் தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். பெண்கள் பால் கொடுக்க வரிசையில் நின்றார்கள். விடுதி அலுவலர் நகரத்தில் இருந்து வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வரிசையைத் தாண்டி நேராகத் தலைவி மாமியிடம் போனார்.

"அம்மா, இந்த முறை உங்கட பேரில வந்திரிக்கு. மாட்டு வருத்தம் மாறல்ல, பால்மா கரைச்சித்தான் தயிர் போடுறம் எண்டு எழுதியிரிக்கு. குப்பைப் பெட்டிக்குள்ள கிடந்த. எண்டாலும் கேக்காம விட ஏலாதே."

"நான் அனுப்பல்ல!" மாமியின் சத்தத்துக்கு வெளியே கட்டியிருந்த கன்று துள்ளியது. "என்ர புள்ள ஆணை, நான் அனுப்பல்ல. இந்தப் போனில எழுத்து எங்க இரிக்கு எண்டே எனக்குத் தெரியா. மகள்தான் எழுதிற. அவளும் இத எழுதல்ல."

"உங்கட பேர் இரிக்கே."

"பேர் இரிந்தா?"

"குறியும் இரிக்கு."

"குறி இரிந்தா..." என்று தொடங்கிய மாமி அங்கேயே நின்றுவிட்டா.

வரிசையில் நின்ற அந்த வெற்றிலைக்காரி வாளியை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எவனாவது தன்ர மாட்டில நம்மட குறியச் சுடுவானா தலைவி?"

மாமி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தா. "மனே, நீ சொல்லன்."

அலுவலரின் தொலைபேசியை வாங்கி இரண்டு மின்னஞ்சல்களின் தலைப்பகுதியையும் திறந்து காட்டினேன். மாமியின் மகள் முந்திய நாள் எழுதியது: பொருந்தியது, தேறியது. குப்பைக்குள் கிடந்தது: பொருந்தவில்லை, தேறவில்லை. முதல் தடவையாக இரண்டும் வேறு வேறாக நின்றன. ஆனால் அந்தச் சின்ன ஆங்கில எழுத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போன் ஆருட்ட இரிந்த?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தலைவிட்டத்தான்."

"அந்தச் செயலாளர் புள்ள?"

"அது இந்தப் பக்கம் வந்தே எத்தின நாள்."

"அப்ப அது அனுப்பல்லயே."

"முந்தினதையும் அது அனுப்பல்லயா?" என்று முதல் கேட்டவள் என்னிடம் கேட்டாள்.

"முந்தினத இந்தச் சோதினையால சொல்ல ஏலா," என்றேன். "அப்ப நம்மட வாசலுக்குக் கதவே இல்ல. ஆரும் வந்து போயிரிக்கலாம்."

உண்மையைச் சொன்னேன். ஆனால் அக்காவுக்காக வந்தவன் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அனுப்பியது யார் என்று அறிக்கைகளிலும் தேடிப் பார்த்தேன். ஏதோ ஒரு தூர நாட்டு இயந்திரத்தின் எண்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கிற கை ஏறாவூரில் இருக்கலாம், கொழும்பில் இருக்கலாம், எங்கும் இருக்கலாம். எங்கள் தயிரில் யாருக்கு என்ன கோபம் என்று விளங்கவில்லை.

பின்னேரம் தலைவி மாமி எங்கள் வீட்டுக்கு வந்தா. அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டா. மாமி கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா.

"நாளைக்கு வந்திரு புள்ள. அங்க எல்லாம் குழம்பிக் கிடக்கு."

"கூட்டத்தில சொல்லுங்க மாமி, வாறன்."

"என்னத்தச் சொல்ற?"

"நான் அனுப்பல்ல எண்டு."

"அதுதான் எல்லாருக்கும் விளங்கிட்டே."

"விளங்கினது வேற மாமி. ஒருத்தரும் வாயால சொல்லல்லயே. கூட்டத்தில வச்சித்தானே இவன் ஆருட தம்பி எண்டு கேட்டீங்க." அக்கா குரலை உயர்த்தவில்லை. "எருமைக்கு வருத்தம் எண்டு எனக்குப் பட்ட. அத உங்க எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு சொன்னன். நீங்க சிரிச்சீங்க. சிரிச்சாலும் நான் முகத்துக்கு நேரதான் சொன்ன. ஒளிச்சிருந்து எழுதிறதெண்டா, முதல் எழும்பி ஏன் சொல்லுவன்?"

நான் பேருந்தில் வைத்து எனக்குள் கேட்ட கேள்விக்கு, நான் கேட்காமலே அவள் விடை சொல்லிவிட்டாள். இவ்வளவு நேர்த்தியான ஒரு நியாயம் அத்தனை நாளும் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினா. போய்விட்டா.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தாள். உள்ளே வராமல் கதவுப் பக்கத்தில் நின்றாள். மாமி முதலில் ஊசி போட்ட மாடுகளைப் பற்றிப் பேசினா. பிறகு சட்டி கொண்டுவருகிற ஆள் உடைந்ததையும் சேர்த்துத் தருகிறான் என்று ஏசினா. ஏசிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு விடாமல், "அந்த ஈமெயில் செயலாளர் அனுப்பினது இல்ல, அடுத்தது பால் கொண்டுவாற நேரம்," என்று போய்விட்டா.

"மாமி," என்றாள் அக்கா கதவடியில் இருந்து. "பின்னுக்கு இரிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

சிரிப்பு எழும்பியது. மாமி முகத்தைத் துடைத்தா. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பி நின்றா.

"செயலாளர் அனுப்பல்ல! நான்தான் பிழையா நினைச்ச! கேட்டதா? இனி ரயில்ல போறவனுக்கும் கேட்டிரிக்கும்!"

"கேட்டது, கேட்டது," என்றார்கள்.

மாமி மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து நீட்டினா. அக்கா வந்து வாங்கினாள். அங்கேயே மேசைப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து விடுதிக்கு எழுதத் தொடங்கினாள். மிருக வைத்தியர் மறுபடியும் வந்து பார்த்ததையும், நோய்ப்பட்ட எருமை தேறிவிட்டதையும், மற்றவற்றுக்கு ஊசி போட்டதையும் எழுதினாள். அனுப்புவதற்கு முன்பு எழும்பி நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். அப்படிச் செய்யும்படி அவளை யாரும் கேட்கவில்லை.

"சுத்தமான தயிர் எண்டு போடாத," என்றாள் வெற்றிலைக்காரி. "அப்ப முந்தித் தந்தது என்ன எண்டு கேப்பாங்க."

"என்ன போடுற?"

"சும்மா தயிர் எண்டு போடு. தயிர் எண்டா தயிர்தான்."

அக்கா அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து வாசித்து, அனுப்பினாள். பிரதி ஒன்று எனக்கும் வந்தது. தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். எல்லாச் சோதனையும் தேறியிருந்தது. காட்டலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் எல்லாரும் சட்டிக்காரனை மாற்றுவதா வேண்டாமா என்று சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அக்கா மட்டும் என் தொலைபேசியை எட்டிப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் நிற வட்டத்தைத் தொட்டாள்.

"இது என்ன எழுத்து?"

"சங்கத்திட முதல் எழுத்து. குறி இன்னும் வரல்ல. குறி ஆருட எண்டு முடிவாகோணுமே."

"வராட்டிக் கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சட்டிக்காரனுக்கு எழுதவேண்டியதை அவள் உரத்து வாசிக்கத் தொடங்கினாள்.